எச்.சி.ஐ. (மனிதர்-கணினி ஊடாட்டம்) அரியர் முடிந்தது: எழுதப் போகிறவர்களுக்கு

ரிசல்ட் நேற்று வந்தது. பாஸ். போன செமஸ்டரில் "கதை பேப்பர்தானே" என்று இரண்டே நாள் படித்து மண்ணைக் கவ்விய பேப்பர் இது.

அப்போது விடைத்தாள் ஜெராக்ஸ் வாங்கிப் பார்த்தேன். நீல்சனின் 10 ஹியூரிஸ்டிக்குகளையும் (திரை வடிவமைப்பை மதிப்பிடும் பொது விதிகள்) வரிசை மாறாமல் எழுதியதாக நினைத்திருந்தேன். 13 மார்க் கேள்விக்கு 5 கிடைத்திருந்தது. ஓர் உதாரணம்கூட இல்லை. பத்தில் இரண்டு பாயின்ட், இதே போன்ற இன்னொரு பட்டியலான ஷ்னைடர்மனின் 8 விதிகளிலிருந்து நழுவி வந்திருந்தன.

இந்தத் தடவை புத்தகத்தை மூடிவிட்டு மினி பிராஜெக்ட்டைத் தூசி தட்டினேன். சிலிண்டர் புக்கிங் செயலி. காகிதத்தில் வரைந்த புரோட்டோடைப். முன்பு பெரியம்மாவிடம் சோதித்தபோது அவர் தடுமாறிய இடத்திலெல்லாம் "கீழ பாருங்க பெரியம்மா" என்று சொல்லிக்கொடுத்தேன். வைவாவில் ஒரே கேள்விதான்: "பட்டனைக் கண்டுபிடித்தது அவரா, நீயா?"

இம்முறை பேசாமல் இருக்க வாயில் புளிப்பு மிட்டாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அழகுக்காக வரைந்த சிலிண்டர் படத்தைப் பெரியம்மா கட்டைவிரலால் மூன்று தடவை அழுத்தினார். "ஏண்டா, படத்தைத் தொட்டா போகாதா?" என்றார். கீழே சாம்பல் நிறத்தில் இருந்த 'தொடர்க' அவர் கண்ணில் படவே இல்லை. நார்மன் சொல்லும் செயல்பாட்டு இடைவெளி, அதாவது செய்ய நினைப்பதற்கும் அதை எப்படிச் செய்வது என்று திரை காட்டுவதற்கும் உள்ள தூரம், எனக்கு அன்றுதான் புரிந்தது. பரீட்சையில் அந்தக் கட்டைவிரலை வைத்தே மூன்று விடை எழுதினேன்.

மனப்பாடம் வரும் என்றால் உங்கள் வழி வேறு. எனக்கு வராது. ஆனால் யாரையாவது உட்கார வைத்து, வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் பாருங்கள். ஐந்து யூனிட்டுக்கும் உதாரணம் தேறும்.

மற்றவை சுருக்கமாக:

- கே.எல்.எம். (ஒரு வேலையைச் செய்ய எத்தனை வினாடி ஆகும் என்று கணிக்கும் முறை) கணக்கை விடாதீர்கள், முழு மார்க். கை மவுஸுக்குப் போக 0.4, யோசிக்க 1.35, குறிவைக்க 1.1, கிளிக் 0.2, மொத்தம் 3.05 வினாடி. யோசிக்கும் நேரத்தை விட்டால் 1.7தான் வரும். போன தடவை நான் விட்டேன்.
- கோம்ஸ் (ஒரு வேலையை இலக்கு, செயல், வழிமுறை, தேர்வு விதி என்று பிரிக்கும் மாதிரி): பெயரின் விரிவாக்கமும் ஒரு உதாரணமும் போதும்.
- மில்லரின் 7±2 குறுகிய கால நினைவில் எத்தனை விஷயம் நிற்கும் என்பதைப் பற்றியது. மெனுவில் ஏழு ஐட்டம்தான் இருக்கலாம் என்று எழுதிவிடாதீர்கள்.
- ஃபிட்ஸ் விதியில் (குறியைத் தொட ஆகும் நேரத்தைக் கணிக்கும் சூத்திரம்) லாக் பேஸ் 2. கால்குலேட்டர் பட்டனில் இருப்பது பேஸ் 10. வந்த விடையை 0.301ஆல் வகுக்க வேண்டும். ஹாலில் பக்கத்து பெஞ்சுக்காரன் இதை மறந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.