ரோமானிய வெள்ளிக்காசு: முதலில் கையைப் பாருங்கள்

நாணயவியல் தாளுக்குப் படிப்பவர்கள் பலரும் ரோம் என்றதும் பேரரசர்களின் பட்டியலை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்குக் கைகொடுத்தது வேறு பழக்கம்: பின்புறத்தில் நிற்கும் உருவம் கையில் என்ன வைத்திருக்கிறது என்று முதலில் பார்ப்பது. தராசு என்றால் ஈக்விடாஸ், நேர்மை. சுக்கான் என்றால் ஃபார்ச்சூனா, அதிர்ஷ்டம். ஆலிவ் கிளை என்றால் பெரும்பாலும் பாக்ஸ், அமைதி. இவை பிடிபட்டுவிட்டால் எழுத்து தேய்ந்த காசைப் பற்றியும் நாலு வரி எழுதலாம்.

தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுடன் போர் நடந்த காலத்தில் வந்தது. முன்புறம் சிறகு வைத்த தலைக்கவசத்தோடு ரோமா தேவி, பின்புறம் குதிரைகளில் பாயும் இரட்டையர் காஸ்டரும் பொல்லக்ஸும். கி.மு. 44இல் சீசர் உயிரோடிருக்கும்போதே அவர் முகம் காசில் ஏறியது. அவரைக் கொன்ற புரூட்டஸ் கி.மு. 42 வாக்கில் வெளியிட்ட காசில் இரண்டு குத்துவாள்கள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே சீசர் கொல்லப்பட்ட மார்ச் 15ஐக் குறிக்கும் சொற்சுருக்கம். அதன் முன்புறம் புரூட்டஸின் சொந்த முகம்! தனிமனித ஆட்சியை எதிர்த்தவரே அதைச் செய்தார் என்ற முரணை விடையில் கட்டாயம் எழுதுங்கள்.

ஒரே ஒரு காசைத்தான் வரைந்து பழக முடியும் என்றால், முதல் பேரரசர் அகஸ்டஸ் தன் பேரன்கள் கையஸ், லூசியஸ் இருவரையும் காட்டி வெளியிட்ட காசை எடுத்துக்கொள்ளுங்கள். டோகா என்ற ரோமானிய மேலாடை அணிந்த இரண்டு இளைஞர்கள், நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். அவற்றுக்கு மேலே குருமாரின் அகப்பையும் குறிசொல்பவரின் வளைந்த கோலும் இருக்கும். அகப்பை கையஸின் குருப் பதவிக்கு, கோல் லூசியஸின் பதவிக்கு. பேரன்களைத் தத்தெடுத்து வாரிசாக்கிய அகஸ்டஸ், அந்த அரசியல் அறிவிப்பை ஒரு விரல்நுனி அகல வெள்ளியில் அடக்கிவிட்டார். லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்துபோக, ஆட்சி திபேரியஸுக்குப் போனது.

அப்புறம், இந்தக் காசையும் திபேரியஸின் காசையும் சேர்த்தே படியுங்கள். பின்னதில் ஒரு பெண் கிளையோடு அமர்ந்திருப்பார். அகஸ்டஸின் மனைவி லிவியா என்று பலர் கருதுகிறார்கள். கோவைப் பகுதிப் புதையல்களில் அதிகம் கிடைத்தவை இந்த இரண்டு வகைகள்தாம். நீரோ கி.பி. 64இல் எடையையும் தரத்தையும் குறைத்த பிறகு வந்த வெள்ளிக்காசுகள் இங்கே குறைவு. ஆக, இந்தோ-ரோமானிய வணிகம் பற்றிய கேள்விக்கும் அதே படத்தை வரையலாம்.