தண்ணீர் கட்டுகிற ஊரில் ஸ்வீட் கார்ன்

டெல்டாவில் மக்காச்சோளம் போடப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, உங்கள் வயலில் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பதைத்தான். விதை, உரம் எல்லாம் அப்புறம். நமக்குத் தண்ணீர் கட்டத் தெரியும். மடை திறக்க, வரப்பு அடைக்க, நடவு வயலில் தண்ணீரை ஒரே மட்டமாக நிறுத்த யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, பரம்பரையாகக் கையில் இருக்கிற வேலை அது. மக்காச்சோளத்துக்கு அந்தப் பழக்கம் ஆகாது. இந்தப் பயிருக்குத் தண்ணீரும் வேண்டும், வேருக்குக் காற்றும் வேண்டும்.

எங்கள் கொல்லை திருவையாறு பக்கம், காவிரிப் படுகை மண். வாழையும் வெற்றிலையும் வருகிற மண் என்பதால் மக்காச்சோளமும் நன்றாகவே வருகிறது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துக் களிமண்ணில் போட முடியாதா என்றால், முடியும். ஆனால் சம்பா அறுத்த கையோடு ஈரத்தில் உழுதால் மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்து காய்ந்துவிடும், அதில் பார், அதாவது செடி வைக்கிற மண் மேடு வரிசை, பிடிக்கவே முடியாது. பக்குவம் பார்த்து உழ வேண்டும், வயலைச் சுற்றி ஒரு வடிகால் வாய்க்கால் எடுத்தே ஆக வேண்டும். அந்த வாய்க்காலுக்கு இடம் வீணாகிறது என்று நினைக்கிறவர்கள் சம்பா தாளடியில் உளுந்தே தெளிக்கலாம், அதுவும் நல்ல வெள்ளாமைதான்.

விதைக்கிற பட்டம் பற்றி ஒரு வார்த்தை. பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரியில் ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மக்காச்சோளம் போடுகிறார்கள். அதைப் பார்த்து நாமும் புரட்டாசியில் போட்டால் ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் நிற்காது, மேட்டுக்கொல்லையாக இருந்தால் ஒழிய. நமக்குத் தை மாதம்தான் சரி. வழக்கப்படி ஜனவரி 28 வாக்கில் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள், ஆற்றுத் தண்ணீர் இருக்காது, அதனால் போர் பாசனம் இருக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பட்டம். தையில் விதைத்தால் பங்குனியில் பூ எடுக்கும். மாசிக் கடைசிக்குத் தள்ளிப் போட்டால் பூவெடுப்பு சித்திரை வெயிலில் மாட்டிக்கொள்ளும். கடும் வெயிலில் மகரந்தம் உயிரில்லாமல் காய்ந்துவிடும், கதிர் பெரிதாக இருக்கும், உரித்தால் மணி இருக்காது.

விதைக்கு வருகிறேன். ஸ்வீட் கார்ன் விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதல் தடவை வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம் வரும். சுருங்கி, சப்பையாக, எடையே இல்லாமல் இருக்கும், பூஞ்சாண மருந்து பூசிய சாயம் வேறு. கெட்டுப்போன விதை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அதன் குணமே அப்படித்தான். சாதா மக்காச்சோளத்தில் சர்க்கரை மாவாக மாறி விதைக்குள் சேர்ந்துவிடும், மணி கெட்டியாக, பளபளப்பாக இருக்கும். இதில் அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை, அதனால்தான் இனிப்பு, அதனால்தான் காய்ந்ததும் சுருக்கம். முளைக்கும் குருத்துக்குச் சாப்பிட உள்ளே இருப்பு குறைவு என்பதால் ஆழமாகப் போட்டால் மேலே வரத் தெம்பு இருக்காது. ஒரு அங்குலம், அதிகம் போனால் ஒன்றரை. விதைத்த அன்று ஈரம் இருந்தால் போதும், பாரை முழுகடித்தால் விதை அழுகும்.

நேரடியாக ஊன்றுவதா, குழித்தட்டில் நாற்று விடுவதா? பெரிய பரப்பில் சாதா மக்காச்சோளம் என்றால் நேரடியாக ஊன்றுவதுதான் கட்டுப்படியாகும். ஸ்வீட் கார்ன் விதை விலை அதிகம், முளைப்பும் முன்னே பின்னே இருக்கும், முளைத்ததை மைனாவும் காகமும் பிடுங்கிப் போடும், எலி வேறு தோண்டும். அதனால் நான் கொல்லையில் ஒரு பகுதிக்குக் குழித்தட்டு நாற்றுதான் வைக்கிறேன். மக்கிய தென்னை நார்க் கழிவு, குழிக்கு ஒரு விதை, பூவாளியால் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் இது கத்தரி, மிளகாய் நாற்று மாதிரி இல்லை, ஒரு மாதம் தட்டில் வைத்திருக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு நாளில், இரண்டு மூன்று இலை விட்டதும், வேர்க்கட்டி உடையாமல் எடுத்து நட்டுவிட வேண்டும். வேர் குழிக்குள் சுற்ற ஆரம்பித்தால் அந்தச் செடி கடைசி வரை குட்டையாகவே நிற்கும். முழுக்க நேரடி விதைப்பு செய்கிறவர்களும் அதே நாளில் ஒரு தட்டு நாற்று தனியாக விட்டு வையுங்கள். முளைக்காமல் போன போக்கிடம் நிரப்ப அதைவிட நல்ல வழி இல்லை. பதினைந்து நாள் கழித்துப் போக்கிடத்தில் விதை ஊன்றினால் பக்கத்துச் செடியின் நிழலில் அது தலையெடுக்கவே எடுக்காது.

இடைவெளி பாருக்குப் பார் இரண்டு அடி, செடிக்குச் செடி முக்கால் அடிக்குக் கொஞ்சம் கூட. பாரின் உச்சியில் வேண்டாம், பக்கவாட்டில் பாதி உயரத்தில் ஊன்றுவது நல்லது. எங்கள் கொல்லைக்கு நடவுக்கு வருகிற அக்கா ஒருவர், "இம்புட்டு தூரம் தூரமா வைக்கிறீங்களே தம்பி, பாத்தா மொட்டையால்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வைத்தார். நெல் நட்ட கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். நெல் தூர் கட்டி இடத்தை நிரப்பிக்கொள்ளும். மக்காச்சோளம் ஒற்றைத் தண்டு, பக்கத்தில் ஒன்றிரண்டு கிளைப்பு வந்தாலும் அதில் கதிர் எதிர்பார்க்க முடியாது. இடம் நெருங்கினால் கதிர்தான் சிறுக்கும். அந்தப் பக்கக் கிளைப்புகளை மெனக்கெட்டு ஒடிக்க வேண்டாம், தாய்ச்செடிக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை.

முழங்கால் உயரம் வருகிற வரைக்கும் வளர்நுனி மண்ணுக்குள்ளேயே இருக்கும். மேலே ஆடு கடித்தாலும் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்கும். ஆனால் அந்தப் பருவத்தில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டி நின்றால், மண்ணுக்குள் இருக்கிற அந்த நுனி மூச்சு விடாமல் செத்துப் போகும். இதனால்தான் வடிகாலைப் பற்றி இத்தனை சொல்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடி, பார் ஊறி, சாயங்காலத்துக்குள் வடிந்துவிட வேண்டும். அப்புறம் முழங்கால் உயரம், ஆண் பூ வெளிவருவது, கதிர் நுனியில் பட்டு நூல் வருவது, மணி பால் பிடிப்பது, இந்த நாலு கட்டத்திலும் காய விடக்கூடாது. அதிலும் பட்டு நூல் வருகிற சமயம் மண் வெடித்தால் மகசூலை மறந்துவிட வேண்டியதுதான்.

உரம் சாப்பிடுவதில் இது நெல்லைவிடப் பெரிய ஆள். வீரிய ரகத்துக்கு ஏக்கருக்கு நூறு கிலோ தழைச்சத்து, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் முப்பது முப்பது கிலோ என்பது கணக்கு. தழைச்சத்தில் கால் பங்கு அடியுரமாக, பாதி 25ஆம் நாள் வாக்கில், மீதிக் கால் 45ஆம் நாள். மூட்டை மூட்டையாக யூரியாவை ஒரே நாளில் கொட்டினால் வாய்க்கால் வழியே ஓடிப் போகும். இரண்டாம் தவணை போடும்போதே களை கொத்தி, மண் அணைத்துவிட வேண்டும். தண்டின் அடிக்கணுவில் இருந்து முட்டு வேர் இறங்கும், அது பிடித்து நிற்க மண் வேண்டும். அணைக்காத பயிர் காற்றில் சாய்ந்துவிடும். நெல் போட்டுப் போட்டு நம் மண்ணில் துத்தநாகச் சத்து பல இடங்களில் குறைந்து கிடக்கிறது, இளம் செடியின் குருத்து வெளுத்து வந்தால் அதுதான் காரணம். ஏக்கருக்குப் பதினைந்து கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து விதைப்புக்கு முன்னாலேயே போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. டிஏபி உரத்தோடு சேர்த்துக் கலக்காதீர்கள்.

2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு, இன்றைக்கு இந்தப் பயிரின் முதல் எதிரி. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, கர்நாடகத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள், அந்த வருசமே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் புகுந்துவிட்டது. இலையில் வரிசையாக ஓட்டை, குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரி எச்சம், இவற்றைப் பார்த்தால் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். புழுவின் தலையில் தலைகீழான ஒய் எழுத்துப்போல வெளிர் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி இருந்தால் அதேதான். முளைத்த வாரத்திலிருந்து தினமும் காலையில் ஒரு நடை போனால் மயிர் மூடிய முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி நசுக்கிவிடலாம், ஒரு குவியலில் நூறு இருநூறு முட்டை இருக்கும் என்பதால் ஒன்றைக் கிள்ளுவதே பெரிய காரியம். குருத்துக்குள் ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலந்து ஒரு சிட்டிகை போடுவது சின்னப் பரப்புக்கு நன்றாக வேலை செய்கிறது. வேப்பெண்ணெய் சார்ந்த மருந்தைத் தொடக்கத்திலேயே அடியுங்கள். மீறிப் போனால் எமாமெக்டின் பென்சோயேட் பூச்சி மருந்து லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம், அதுவும் குருத்துக்குள் விழுகிற மாதிரி. கதிர் பால் பிடித்த பிறகு ஸ்வீட் கார்னில் மருந்தே அடிக்காதீர்கள். பிள்ளைகள் அப்படியே கடித்துச் சாப்பிடுகிற பொருள் இது, மனசாட்சி வேண்டும்.

இந்தப் பயிரில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் பூவெடுப்பு. உச்சியில் ஆண் பூ, நடுத்தண்டில் கதிர், கதிரின் நுனியில் தொங்குகிற பட்டு நூல். ஒவ்வொரு நூலும் உள்ளே ஒரு மணிக்குப் போகிறது. நூலில் மகரந்தம் விழவில்லை என்றால் அந்த மணி இல்லை. கதிரின் அடிப்பக்கத்து நூல்கள் முதலில் வரும், நுனி நூல்கள் கடைசியில் வரும், அதற்குள் மகரந்தம் தீர்ந்துபோனால் நுனி பொக்காக நிற்கும். காலை வெயில் ஏறுகிற நேரத்தில் தண்டை லேசாகத் தட்டினால் மஞ்சள் பொடி உதிர்வது கண்ணுக்குத் தெரியும். காற்றுதான் கொண்டுபோகிறது, அதனால் வரப்போரமாக ஒற்றை வரிசை நட்டால் பாதி மகரந்தம் பக்கத்து வயலுக்குப் போய்விடும். கொஞ்சம் இடம்தான் இருக்கிறது என்றாலும் சதுரமாக, குறைந்தது நாலு வரிசை வருகிற மாதிரி நடுங்கள். மகரந்தம் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பட்டு வந்து ஒரு வாரம் கழித்து ஒரு கதிரை எடுத்து, கத்தியால் மேல்தோலை நீளவாக்கில் கீறி, நூல் அறுபடாமல் தோலைப் பிரித்து, அடியைப் பிடித்து மெதுவாக உதறுங்கள். மகரந்தம் சேர்ந்த மணியின் நூல் தானாகக் கழன்று விழும், சேராததன் நூல் மணியைப் பிடித்துக்கொண்டே தொங்கும். வரிசையை எண்ணினால் பதினாலு, பதினாறு என்று இரட்டைப்படையாகத்தான் இருக்கும், பூக்கள் ஜோடி ஜோடியாக உருவாவதால் அப்படி. நான் ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்க்கிறேன், சலிக்கவே இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். பக்கத்துக் கொல்லையில் கோழித்தீவனத்துக்கான சாதா மக்காச்சோளம் இருந்து, இரண்டும் ஒரே சமயம் பூத்தால், அந்த மகரந்தம் விழுந்த உங்கள் ஸ்வீட் கார்ன் மணி அந்தப் போகத்திலேயே மாவாகிவிடும், இனிப்பு போய்விடும். விதைப்பதற்கு முன்பே பக்கத்துக் கொல்லைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். இடத்தால் விலக முடியாவிட்டால் நாளால் விலகலாம், இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே விதைத்தால் போதும்.

பட்டு வந்து இருபது நாள் வாக்கில் ஸ்வீட் கார்ன் தயார். நூல் பழுப்பாகக் காய்ந்திருக்க வேண்டும், தோல் பச்சையாகவே இருக்க வேண்டும். ஒரு கதிரில் தோலைக் கொஞ்சம் விலக்கி நகத்தால் ஒரு மணியைக் குத்துங்கள். தண்ணீராகத் தெறித்தால் இன்னும் இரண்டு மூன்று நாள், பாலாக வந்தால் இன்றைக்கே ஒடிக்கலாம், மாவாக ஒட்டினால் தாமதம். இந்தப் பக்குவம் நாலைந்து நாள்தான் நிற்கும், அதனால் முழுக் கொல்லையையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளியில் துண்டு துண்டாக விதைப்பது விற்பனைக்கும் வீட்டுக்கும் நல்லது. இந்த வாரங்களில்தான் கிளியும் அணிலும் எலியும் வரும். எலிக்கு மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டிப் பொறியைவிட நம்பிக்கையான ஆயுதம் எனக்குத் தெரிந்து கிடையாது. விடியற்காலையில் ஒடித்து, தோலோடு நிழலில் வைத்து, அன்றைக்கே சந்தைக்கு அனுப்பிவிடுங்கள். சூடு ஏற ஏறச் சர்க்கரை குறையும். வீட்டுக்கு என்றால் உலையில் தண்ணீர் கொதித்த பிறகு கதிர் ஒடிக்கப் போங்கள், அந்தச் சுவை எந்தக் கடையிலும் கிடைக்காது.

தீவன மக்காச்சோளத்துக்கு அவசரம் இல்லை. 100 நாளுக்கு மேல் நின்று, தோல் காய்ந்து, மணியைப் பெயர்த்தால் அடியில் கறுப்புப் புள்ளி தெரிய வேண்டும். அதற்குப் பிறகு ஈரம் காய்வதுதான் மிச்சம். ஈரத்தோடு மூட்டை பிடித்தால் பூஞ்சாணம் வந்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும், கோழிப் பண்ணைக்கு வாங்குகிறவர்கள் தொடவே மாட்டார்கள்.

ஸ்வீட் கார்ன் அறுத்ததும் தட்டை பச்சையாகவே நிற்கும், அதை வெட்டி மாட்டுக்குப் போடலாம், கறவை மாடு வைத்திருக்கிறவர்களுக்கு அதுவே பாதி வருமானம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு வயல் தயாராக வேண்டும் என்பதால், குறுவை போடுகிற வயலில் கடைசித் துண்டு விதைப்பை மாசிப் பத்துக்குள் முடித்துவிடுங்கள். தட்டையை வெட்டி, கட்டையை உழுது மடக்க நாள் இருக்கும்.