இடிக்கிற சுவர் எது: அக்கராயன் வீட்டுப் பிளான் நாட்குறிப்பு

2025 ஓகஸ்ட் 4, திங்கள்

கிளிநொச்சி அக்கராயனில் மாமியின் வீட்டை இன்று அளந்து முடித்தேன். இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாயோடு கைக்காசும் போட்டு 2013இல் கட்டியது. இப்போது குசினிக்கும் நடு அறைக்கும் இடையில் நிற்கிற சுவரை எடுக்க வேண்டும். பின்பக்கம் புதிதாக ஓர் அறையும் முன்பக்க விறாந்தைக்கு ஓர் அரைச்சுவரும் கட்ட வேண்டும். கூரை மரம் எதுவும் அந்த இடைச்சுவரில் தங்கவில்லை என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டேன்.

மாரிக்கு முன்னர் கூரை போட்டாக வேண்டும். மேசன் அண்ணை மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குப் போகிறவர், அதற்கு முன்னரே பிளானைக் கேட்கிறார். "தங்கச்சி, எது நிக்குது, எது போகுது, எது வருது. பார்த்த உடனே தெரிய வேணும்" என்றார். போன வருடம் வேறொரு வீட்டில், எல்லாச் சுவரும் ஒரே கறுப்பாக இருந்த பிளானை நம்பி, நிற்க வேண்டிய சுவரில் நாலு வரி கல்லை உடைத்த பிறகுதான் தெரிந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

2025 ஓகஸ்ட் 5, செவ்வாய்

நான் வேலை பழகிய பெரியவர் மையால் வரைந்து முடித்துவிட்டு நிறப் பென்சில் எடுப்பார். பழைய சுவர் சாம்பல், இடிப்பது மஞ்சள், புதியது சிவப்பு. அதையே நான் பிளான் வரைகிற ரெவிட் என்ற கணினி மென்பொருளில் செய்யலாம் என்று ஒவ்வொரு சுவராக வலது கிளிக் செய்து நிறம் கொடுத்தேன். பார்க்க வடிவாக இருந்தது.

மாலையில் மாமி தொலைபேசியில், பின் அறையை ஓர் அடி கூட்டச் சொன்னார். இரண்டு சுவரை அழித்துத் திரும்ப வரைந்தேன். புதிதாக வந்தவை கறுப்பு. மின்சார பிளானைத் திறந்தால் அங்கே ஒரு சுவருக்கும் நிறமில்லை. இப்படிக் கொடுக்கிற நிறம் அந்த ஒரு சுவருக்கு, அந்த ஒரு பிளான் பார்வையில் மட்டும்தான். சுவர் போனால் நிறமும் போய்விடும்.

2025 ஓகஸ்ட் 6, புதன்

மெற்றீரியலில், அதாவது சுவர் எந்தப் பொருளால் ஆனது என்று சொல்லும் இடத்தில், நிறத்தை மாற்றிப் பார்த்தேன். சீமெந்துக் கல்லின் ஷேடிங் நிறத்தைச் சிவப்பாக்கியதும் முப்பரிமாணப் படத்தில் வீடு முழுக்கச் சிவந்துவிட்டது, பிளான் அப்படியே இருந்தது. காரணம் உண்டு. பிளான் கோடுகளை மட்டும் காட்டும் ஹிடன் லைன் பாணியில் இருந்தால் ஷேடிங் நிறம் அதில் தெரியாது. வெட்டுப்பட்ட சுவருக்குள் தெரிவது மெற்றீரியலின் கட் பற்றேர்ன் என்ற நிரப்பு. அதுவும் பிளானின் விவர அளவை மீடியம், ஃபைன் என்று வைத்தால்தான். கோர்ஸ் அளவில் சுவர் வகைக்கென்று தனியாக ஒரு நிரப்பு இருக்கிறது, அதுதான் வரும்.

சரி, கட் பற்றேர்னை மாற்றலாம்தான். ஆனால் 2013இல் கட்டிய சுவரும் சீமெந்துக் கல், இனிக் கட்டப்போகும் சுவரும் சீமெந்துக் கல். கல்லுக்கு நிறம் கொடுத்தால் பழையதும் புதியதும் சேர்ந்தே சிவக்கும். மேசன் அண்ணை கேட்டது கல்லின் நிறத்தையல்ல, காலத்தின் நிறத்தை.

2025 ஓகஸ்ட் 7, வியாழன்

ரெவிட்டில் காலத்துக்கு இருக்கிற பெயர் ஃபேஸ். ஒவ்வொரு பொருளும் எந்தக் கட்டத்தில் உருவானது, எந்தக் கட்டத்தில் இடிந்தது என்ற இரண்டு விவரத்தையும் கூடவே வைத்திருக்கும். பழைய சுவர்களை எக்சிஸ்டிங், அதாவது ஏற்கெனவே இருப்பவை, என்று குறித்தேன். இடைச்சுவரில் சுத்தியல் படம் போட்ட கருவியால் ஒரு தட்டு. அதிலிருந்த கதவும் சேர்ந்து இடிபடும் கணக்கில் போனது. பிறகு எந்தக் கட்டத்துப் பொருளை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் ஃபேஸ் ஃபில்டரில் பழையது, இடிப்பது, புதியது மூன்றையும் ஓவர்ரிடன் (நான் கொடுக்கிற நிறத்தில் காட்டு) என்று மாற்றி, பழையதற்குச் சாம்பலும் இடிப்பதற்கு மஞ்சளும் புதியதற்குச் சிவப்பும் கட் பற்றேர்னாகக் கொடுத்தேன். மின்சார பிளானுக்கும் அதே ஃபில்டர்.

மூன்று சுவர் மட்டும் அடங்கவில்லை. செவ்வாயன்று கையால் கொடுத்த நிறம் அவற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. தனிப் பொருளுக்குக் கொடுத்த நிறம் ஃபேஸ் நிறத்துக்கு மேலே நிற்கும். அவற்றை ரீசெட் செய்த பிறகு எல்லாம் ஒழுங்கு.

2025 ஓகஸ்ட் 8, வெள்ளி

இன்று முழுவதும் விறாந்தை அரைச்சுவரோடு போனது. மூன்று அடி உயரம். புதிய சுவர்தான், ஃபேஸும் சரி, ஆனால் உள்ளே வெறுமையாக இரண்டு கோடு மட்டும். பிளான் என்பது வீட்டை 1200 மில்லிமீற்றர் உயரத்தில் கத்தியால் சீவி, மேலிருந்து பார்ப்பது போன்றது. அந்தக் கத்தி அரைச்சுவருக்கு மேலாகப் போகிறது.

கத்தியை 600க்கு இறக்கினேன். யன்னல்கள் காணாமல் போயின, அரைச்சுவர் அப்போதும் நிரம்பவில்லை! உதவிப் பக்கத்தைத் தேடி வாசித்தபோதுதான் விளங்கியது. 2 மீற்றருக்குக் குறைந்த சுவரைக் கத்தி தொட்டாலும் ரெவிட் வெட்டிக் காட்டாது. கத்தியைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவிட்டேன்.

வெட்டுப்படாத பொருளுக்குக் கட் பற்றேர்ன் கொடுத்துப் பயனில்லை, அதன் மேற்பரப்புக்குக் கொடுக்க வேண்டும். ஃபேஸ் வழியாக மேற்பரப்பைச் சிவப்பாக்கினால் புதிய அறையின் தரையும் சிவக்கும். அதனால் அரைச்சுவரின் கொமென்ற்ஸ் பெட்டியில் 'அரைச்சுவர்' என்று எழுதி, சுவர்களில் அந்தச் சொல் இருப்பவற்றை மட்டும் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று செய்தேன். வி, ஜி இரண்டு எழுத்தையும் அடித்து, திறந்த பெட்டியில் அந்த ஃபில்டரைச் சேர்த்து, மேற்பரப்புக்குச் சிவப்பு. வெளியே சோளகம் யன்னலை அடித்துக்கொண்டிருந்தது, நேரம் போனது தெரியவில்லை.

2025 ஓகஸ்ட் 9, சனி

இரண்டு பிளானுக்கும் ஒரே வியூ டெம்பிளேட், அதாவது எது எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்புகளின் ஒரே தொகுப்பு. இனி ஒன்றில் மாற்றி மற்றதில் மறக்க முடியாது.

2025 ஓகஸ்ட் 11, திங்கள்

கரடிப்போக்கில் ஒரு கடையில் ஏ3 தாளில் 1:50 அளவில் நிறத்தில் ஒன்று எடுத்தேன். மேசன் அண்ணையின் ஆட்களுக்கென்று மூன்று போட்டோக்கொப்பியும் எடுத்தேன். கொப்பி கறுப்பு வெள்ளை. சிவப்பு கருஞ்சாம்பலாகி, பழைய சுவரின் சாம்பலோடு கலந்துவிட்டது. மஞ்சளோ வெள்ளைத் தாளோடு தாளாகிப் போனது. இடிக்க வேண்டிய சுவர் இருப்பதே தெரியவில்லை. வேலைத்தலத்தில் சுற்றப்போவது இந்தக் கொப்பிதான். நிறப் பிரதி மாமியின் அலுமாரிக்குள் போய்விடும்.

கடை வாங்கிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். பழைய சுவருக்கு நிரப்பே வேண்டாம், கோடு மட்டும். இடிப்பதற்கு மஞ்சளை எடுத்துவிட்டு, விட்டுவிட்டு வரும் எல்லைக் கோடும் உள்ளே கறுப்புச் சாய்கோடும். புதியதற்குச் சிவப்பு அப்படியே, அது கொப்பியில் இருண்ட திண்மமாக விழும். அரைச்சுவருக்கு மட்டும் நெருக்கமான புள்ளிகள், முழுச்சுவர் என்று நினைத்து ஏற்றிக் கட்டிவிடக் கூடாது. ஃபேஸில் ஓர் இடம், ஃபில்டரில் ஓர் இடம், மாற்றியது அவ்வளவுதான். இரண்டு பிளானும் சேர்ந்தே மாறின. செவ்வாயன்று செய்தது போல ஒவ்வொரு சுவராகத் தொட வேண்டியிருந்தால் கடை பூட்டும் நேரமாகியிருக்கும்.

2025 ஓகஸ்ட் 12, செவ்வாய்

மேசன் அண்ணை கொப்பியை விறாந்தை நிலத்தில் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. விரலால் வெளிச்சுவரைச் சுற்றி வந்தார், பின் அறையில் ஒரு கணம் நின்றார், புள்ளிகளில் வந்ததும் "இது அரைதானே, மூண்டடி?" என்றார். பிறகு விரல் சாய்கோட்டில் வந்து நின்றது.

எழுந்து குசினிக்குப் போய், அடுப்படியிலிருந்து ஒரு கரிக்கட்டியை எடுத்து, இடைச்சுவரில் மேலிருந்து கீழாக அதே சாய்கோடுகளைப் போட்டார். மாமி பின்னால் வந்து, அந்தச் சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி நடு அறைக்குக் கொண்டுபோனார்.