மஸ்டர் டிரில்: கேபினிலிருந்து படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள்

ஏழு முறை குட்டையாகவும், அடுத்து ஒரு முறை நீளமாகவும் கப்பலின் சங்கு ஊதினால், உடனே கப்பலைக் கைவிடப் போகிறார்கள் என்று அர்த்தமில்லை. உங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குப் போய்ச் சேருங்கள் என்பதுதான் அந்த ஒலிக்குப் பொருள். அந்த இடத்தை மஸ்டர் ஸ்டேஷன் என்பார்கள். சில நிறுவனங்கள் அசெம்ப்ளி ஸ்டேஷன் என்கின்றன. அது திறந்த தளமாக இருக்கலாம், உணவு விடுதியாகவோ நாடக அரங்காகவோகூட இருக்கலாம். கப்பலைக் கைவிடும் முடிவு கேப்டன் ஒருவருடையது. அது தனி உத்தரவாகவே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தைப் பழக்கப்படுத்துவதற்காகத்தான் மஸ்டர் டிரில் எனப்படும் ஒத்திகை.

குரூஸ் பயணம் போய் வந்தவர்களைக் கேட்டால், டிரில் என்றதும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக் காட்டியதைத்தான் சொல்வார்கள். உண்மையில் அங்கே நடக்கும் பெரிய வேலை ஆள் கணக்கு. ஒவ்வொரு மஸ்டர் ஸ்டேஷனிலும் இன்னின்ன கேபின், இன்னின்ன பெயர் என்று பட்டியல் இருக்கும். ஊழியர் கப்பலில் உங்களுக்குத் தந்த பயணி அட்டையை ஸ்கேன் செய்வார், அல்லது பெயரைக் கூப்பிட்டுக் குறித்துக்கொள்வார். வராதவர்களின் விவரம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அதே நேரத்தில் வேறொரு குழு கேபின் கேபினாகத் தட்டித் திறந்து பார்த்து, பார்த்து முடித்ததற்குக் கதவில் அடையாளம் வைத்துக்கொண்டே வரும். கணக்கில் ஓர் ஆள் குறைந்தால் அந்தக் குழு திரும்பவும் உள்ளே போக வேண்டும். புகை சூழ்ந்த நடைபாதை என்றாலும் போக வேண்டும். நண்பர்களோடு நிற்கலாமே என்று வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடும் பயணி, தான் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அவரைத் தேடி ஓர் ஊழியர் தன் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருப்பார். உங்கள் அட்டையில் எந்த எழுத்தும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறதோ அங்கே மட்டும் போங்கள் என்று ஊழியர்கள் கறாராகச் சொல்வது இதனால்தான்.

இதற்கெல்லாம் விதி வகுப்பது சோலாஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கை. டைட்டானிக் மூழ்கியதைத் தொடர்ந்து 1914-இல் முதன்முதலாக உருவானது. இன்று நடைமுறையில் இருப்பது 1974-ஆம் ஆண்டின் வடிவம், அவ்வப்போது செய்த திருத்தங்களோடு. பயணிகள் ஏறியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் டிரில் நடத்தினால் போதும் என்றுதான் நெடுங்காலம் விதி இருந்தது. அந்த 24 மணி நேரம் எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை 2012 ஜனவரி 13 இரவு கோஸ்டா கன்கார்டியா காட்டியது. இத்தாலியின் ஜீல்யோ தீவருகே பாறையில் மோதிய அந்தக் கப்பலில், அன்று மாலைதான் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் டிரில் நடக்கவில்லை. விதிப்படி அதில் தவறும் இல்லை. கப்பல் மோதியது 9.45 மணிக்கு. பொது அபாயச் சங்கு ஊதியது 10.33-க்கு. இடைப்பட்ட நேரத்தில் பயணிகளிடம் மின்தடை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகே விதி மாறியது. 24 மணி நேரத்துக்கு மேல் கப்பலில் இருக்கப்போகும் புதிய பயணிகளுக்கு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ டிரில் நடந்தாக வேண்டும்; 2015 ஜனவரி 1 முதல் இது கட்டாயம்.

மோதியதற்கும் சங்கு ஊதியதற்கும் இடைப்பட்ட அந்த 48 நிமிடம் ஏன் அவ்வளவு முக்கியம்? உயிர்காப்புப் படகுகளையும் அவற்றை இறக்கும் கருவிகளையும் ஒரு குறிப்பிட்ட சாய்வு வரைக்கும்தான் வடிவமைக்கிறார்கள். பக்கவாட்டில் 20 டிகிரி, முன்பின்னாக 10 டிகிரி. அதற்கு மேல் சாய்ந்தால், உயர்ந்து நிற்கும் பக்கத்தில் உள்ள படகு கப்பலின் உடம்பிலேயே உரசி மாட்டிக்கொள்ளும். தாழ்ந்த பக்கத்துப் படகு கப்பலைவிட்டு விலகித் தொங்கும், ஏற முடியாது. கோஸ்டா கன்கார்டியாவில் இதுதான் நடந்தது. கைவிடும் உத்தரவு வந்த பிறகு, எல்லாரையும் ஏற்றி எல்லாப் படகுகளையும் 30 நிமிடத்துக்குள் இறக்க முடிய வேண்டும் என்கிறது விதி. ஆனால் அந்த 30 நிமிடக் கணக்கு, மக்கள் ஏற்கெனவே ஸ்டேஷனில் கூடி, எண்ணி முடித்து நிற்கிறார்கள் என்ற எண்ணத்தில் போட்டது. சாய்வு கூடக் கூட மஸ்டருக்கான நேரம் கரைந்துகொண்டே போகும்.

இப்போது டிரில் நடக்கும் விதமே மாறியிருக்கிறது. 2020-இல் ராயல் கரீபியன் நிறுவனம் மஸ்டர் 2.0 என்ற முறையைக் கொண்டுவந்தது. வேறு பல நிறுவனங்களும் அதைப் போன்ற முறைகளுக்கு மாறின. செல்போன் செயலியிலோ கேபின் தொலைக்காட்சியிலோ காணொளியைப் பார்க்க வேண்டும். சங்கொலி எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டும். பிறகு உங்களுக்கு வசதியான நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போய் அட்டையை ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கானோர் வெயிலில் நெருக்கியடித்து அரை மணி நேரம் நிற்கும் பழைய கஷ்டம் தீர்ந்தது. ஊழியரிடம் நின்று சந்தேகம் கேட்கவும் முடிகிறது. இவை நல்ல மாற்றங்கள்.

ஆனால் ஒன்று போய்விட்டது. பழைய முறையில் பலர் கேபினிலிருந்து, சங்கு ஊதிய பிறகு, லிஃப்ட் இல்லாமல், கூட்டத்தோடு கூட்டமாகப் படியிறங்கி வந்தார்கள். இன்றைய பயணி கப்பலில் ஏறியதும், நீச்சல் குளத்துக்குப் போகிற வழியில், லிஃப்டில் போய் ஸ்கேன் செய்துவிட்டு வந்துவிடுகிறார். விதி நிறைவேறிவிடுகிறது. கேபினுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் உள்ள வழி மட்டும் அவர் காலுக்குத் தெரியாமலே இருக்கிறது. சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மூன்று நாள், நான்கு நாள் பயணம் போகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஸ்கேன் முடிந்தாலும், கேபின் திறந்துவிட்டதும் குடும்பத்தோடு ஒருமுறை அங்கிருந்து நடந்து போய்ப் பாருங்கள். ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

எப்படி நடப்பது? கேபின் கதவின் உட்புறத்தில் தப்பிக்கும் வழியின் வரைபடம் ஒட்டியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். வெளியே வந்ததும் பக்கத்துப் படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள். எதிர்த்திசைப் படிக்கட்டுக்கும் எண்ணுங்கள். 2006 மார்ச்சில் ஜமைக்கா அருகே ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனி வரிசை தீப்பிடித்தது விடியற்காலை மூன்று மணி வாக்கில். புகையில் ஒருவர் உயிரிழந்தார். அந்த மாதிரி நேரத்தில் பலகையைப் படிக்கக் கண் தெரியாது, எண்ணிய கதவு நினைவில் இருக்கும். நடைபாதையில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்துக்குள் ஒளிப்பட்டையோ சிறு விளக்குகளோ ஓடுவதைக் கவனியுங்கள். புகை மேலே ஏறும், கீழே கடைசியாகத்தான் நிறையும் என்பதால் அவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறார்கள். குனிந்து, அந்த ஒளியைப் பின்தொடர்ந்தே போக வேண்டும். வழியில் தீத்தடுப்புக் கதவுகள் தானாக மூடியிருக்கலாம். வழி அடைபட்டுவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள், தள்ளினால் திறக்கும். கேபின் கதவைத் திறக்கும் முன் மட்டும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்கக் கூடாது.

லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். பழைய கப்பல்களில் கேபின் அலமாரியில் இருக்கும். புதியவை பலவற்றில் ஸ்டேஷனிலேயே வைத்திருப்பார்கள். கேபினில் இருக்கிறது, ஆனால் சங்கு ஊதும்போது நீங்கள் வேறு தளத்தில் இருக்கிறீர்கள் என்றால், அதை எடுக்கக் கூட்டத்துக்கு எதிராகத் திரும்பி ஓட வேண்டாம். ஸ்டேஷன் பக்கம் கூடுதல் ஜாக்கெட்டுகள் இருக்கும். கேபினிலிருந்து எடுத்து வருபவர்கள் ஊழியர் சொல்லும் வரை கையில் வைத்துக்கொள்வது நல்லது. மாட்டாத வார் தொங்கினால் பின்னால் வருகிறவர் மிதிப்பார், படிக்கட்டில் ஒருவர் விழுந்தால் வரிசையே நிற்கும். மாட்டும்போது பலர் செய்யும் பிழை, வாரைத் தளர்வாக விடுவது. தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலேறி முகத்தை மறைத்துவிடும். தோளில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். சேலை கட்டியிருந்தால் முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிய பிறகே ஜாக்கெட், துப்பட்டாவைக் கழற்றிவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கப்பலில் ஏறிய அன்றே ஒரு கேள்வி கேட்க வேண்டும். குழந்தைகள் அரங்கில் பிள்ளை இருக்கும்போது சங்கு ஊதினால், அவர்களே எங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டி வருவார்களா, நாங்கள் போய் அழைத்துக்கொள்ள வேண்டுமா? நிறுவனத்துக்கு நிறுவனம் ஏற்பாடு வேறு. சில கப்பல்களில் பிள்ளையின் கையில் ஸ்டேஷன் எண் அச்சிட்ட பட்டை கட்டுவார்கள், அதைக் கழற்றாதீர்கள். கைக்குழந்தை இருந்தால், குழந்தைக்கேற்ற ஜாக்கெட் கேபினுக்கு வந்துவிட்டதா என்று அன்று மாலைக்குள் பார்த்துவிடுங்கள். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களை அழைத்துப் போனால் முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். உதவி தேவை என்று தெரிவித்தவர்களின் விவரத்தைக் கப்பல் கிளம்பும் முன் கேப்டனிடம் சேர்க்க வேண்டும் என்பது விதி. சொல்லாமல் விட்டால் அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. இதில் கூச்சமே வேண்டாம்.

மஸ்டர் என்பது பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போவதாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் புயலில் வைக்கிங் ஸ்கை கப்பலின் எஞ்சின்கள் நின்றன. மசகு எண்ணெயின் அளவு குறைவாக இருந்தது. கப்பல் கடுமையாக ஆடியதில் எண்ணெய் அழுத்தம் போய், எஞ்சின்கள் தாமாகவே நின்றுவிட்டன. கப்பலில் இருந்த 1,373 பேரில் 479 பேரை ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கின. மற்றவர்கள் இரவு முழுவதும் ஸ்டேஷனிலேயே இருந்தார்கள். ஸ்டேஷனாக இருந்த உணவு விடுதிக்குள்ளேயே கடல்நீர் பாய்ந்தது. ஆகவே கேபினில் இருக்கும்போது சங்கு ஊதினால், கனத்த உடுப்பு, மூடிய செருப்பு, அன்றாட மாத்திரை, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை எடுங்கள். இவற்றை ஒரு சிறு பையில் முதல் நாளே போட்டுக் கதவருகே மாட்டிவிட்டால் தேட வேண்டியதில்லை. பெட்டியைத் தூக்காதீர்கள். படகில் ஓர் ஆளுக்கு ஒதுக்கும் இருக்கை அகலம் 43 சென்டிமீட்டர். பெட்டி வைத்தால் அது இன்னொருவரின் இடம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், உலர் உணவு, 48 மணி நேரத்துக்குக் குமட்டல் மாத்திரை எல்லாம் படகிலேயே இருக்கும். குமட்டல் மாத்திரையைப் படகில் ஏறியதும் போட்டுவிடுங்கள். மூடிய படகில் ஒருவர் வாந்தி எடுத்தால் அடுத்தடுத்துப் பலர் எடுப்பார்கள். உடலின் நீர் வற்றிவிடும்.

பயணத்தின் நடுவில் இன்னொரு விஷயம் பார்ப்பீர்கள். ஊழியர்களுக்கு வாரந்தோறும் தீ டிரிலும் படகு டிரிலும் உண்டு. பெரும்பாலும் துறைமுகத்தில் நிற்கும் நாளில் நடக்கும். அதில் ஆபத்தும் உண்டு. 2013 பிப்ரவரியில் லா பால்மா தீவில் தாம்சன் மெஜஸ்டி கப்பலின் டிரிலின்போது படகைத் தாங்கிய கம்பி வடம் அறுந்து, ஐந்து ஊழியர்கள் இறந்தார்கள். கப்பி மேல் அமர்ந்திருந்த பகுதியில் வடம் துருப்பிடித்திருந்தது. படகு ஏறி இறங்கும்போது கீழே நின்று படம் எடுக்காதீர்கள், ஊழியர் விலகச் சொன்னால் விலகிவிடுங்கள். இந்த டிரிலுக்கு முன் 'இது ஊழியர்களுக்கு மட்டும்' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு இல்லாமல் ஏழும் ஒன்றுமாகச் சங்கு ஊதினால், டிரிலாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யாமல், படிக்கட்டு வழியாக ஸ்டேஷனுக்குக் கிளம்புங்கள்.