நான்கு சென்டிமீட்டர் குறைவு

டாக்டர் என் கர்ப்ப வயிற்றில் அளவு நாடாவை இரண்டு முறை வைத்துப் பார்த்தார். முதல் முறை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அடிவயிற்றில் இடுப்பெலும்பின் விளிம்பை விரலால் தேடிப் பிடித்து, அங்கிருந்து மறுபடி மேலே, கர்ப்பப்பையின் உச்சிவரை இழுத்தார். நாடாவில் எண் இல்லாத பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் கவிழ்த்துப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். எண்ணைப் பார்த்துக்கொண்டே அளந்தால் கை தானாக எதிர்பார்த்த இடத்தில் போய் நின்றுவிடுமாம். அளந்து முடித்துத்தான் திருப்பினார். 29 சென்டிமீட்டர்.

எனக்கு அன்று 33 வாரம் முடிந்து ஒரு நாள். 24 வாரத்துக்குப் பிறகு வாரக் கணக்கும் இந்த சென்டிமீட்டர் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறிவரும். இரண்டு மூன்று முன்னே பின்னே இருக்கலாம். நான்கு குறைந்ததால் வளர்ச்சியைப் பார்க்கக் கூடுதலாக ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை இரண்டிலும் கோளாறில்லை. "பயப்பட ஒன்றுமில்லை" என்றார். அப்படி யாராவது சொன்னாலே எனக்குப் பயம் வந்துவிடும்.

வயிறு சிறிது என்று அதற்கு முன்பே ஊர் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இங்கே சிங்கப்பூரில், மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா), "பெரூட் கெச்சில் லா", வயிறு சின்னது, என்பார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து அம்மா வீடியோ காலில், "பக்கவாட்டுல நில்லு, பாப்போம்" என்று பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

முதல் தவறு என்னுடையது. ஸ்கேனுக்கு நாள் குறிக்கும் முகப்பில் இருந்த பெண் 16 நாள் கழித்து ஒரு தேதி சொன்னார். சரியென்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து சீட்டைப் படித்த கணவர்தான், "ஒரு வாரத்துக்குள்ளன்னு டாக்டர் எழுதியிருக்காரேம்மா" என்றார். மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தேன். "தேதியை முன்னுக்குப் போட முடியுமா?" என்று கேட்டபோது இடமில்லை என்று பதில் வந்தது. "33 வாரம், வயிற்று அளவு 4 சென்டிமீட்டர் குறைவு, ஒரு வாரத்துக்குள் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார்" என்று சொன்னதும் தாதி ஒருவர் இணைப்புக்கு வந்தார். ஐந்தாம் நாள் இடம் கிடைத்தது. கெஞ்ச வேண்டியதில்லை, வாரத்தையும் எண்ணையும் சொன்னாலே போதும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்த ஐந்து நாளும் குழந்தையின் அசைவை எண்ணச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். பத்து அசைவு வரை குறிக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் மறுநாள் காலைக்காகக் காத்திருக்காமல் உடனே பிரசவப் பகுதிக்கு வந்துவிட வேண்டும். எங்கள் குழந்தை பகலில் சோம்பேறி. இரவு அத்தை வசந்தம் ஒளிவழியில் நாடகம் போட்டதும் விழித்துக்கொள்ளும். அத்தை தாளைக் கையில் வைத்துக்கொண்டு, விளம்பர இடைவேளையில், "எத்தன ஆச்சு?" என்று கேட்பார்.

அத்தை 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் பிறந்தவர். அந்த ஒரு வருடத்தில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் சாதனையானது. அந்தக் கணக்கில் தானும் ஒரு ஆள் என்பதில் அவருக்குப் பெருமை. "அப்ப ஸ்கேன் ஏது? மிஸி வந்து வயித்துல கை வெச்சுப் பாப்பாங்க, அவ்வளவுதான்" என்பார். மிஸி என்றால் தாதி. ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ, அப்படிப் பார்த்ததில் எத்தனை பேருடையது தெரியாமல் போனதோ என்று ஓடும் மனது.

ஸ்கேன் அன்று இன்னொரு அசட்டுத்தனம். ஆரம்ப மாத ஸ்கேனுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னது நினைவில் இருக்க, ஒரு லிட்டர் குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். 34 வாரத்தில் அதற்குத் தேவையே இல்லை. கர்ப்பப்பை மேலே ஏறியிருக்கும், அதற்குள் இருக்கும் நீரே போதுமாம். இரண்டு முறை கழிவறைக்கு ஓடியதில் என் வரிசை எண் ஒரு தடவை தாண்டிப்போனதுதான் மிச்சம்.

மல்லாந்து படுத்த ஐந்து நிமிடத்தில் தலை சுற்றி, வியர்த்து, காது அடைத்தது. ஸ்கேன் எடுத்த பெண் உடனே என்னை இடப்பக்கமாகச் சாய்த்து, வலது இடுப்புக்குக் கீழே தலையணை ஒன்றைச் செருகினார். வயிற்றின் கனம் முதுகெலும்பை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயை அழுத்துவதால் வருவதாம் இது. கடைசி மாதங்களில் ஸ்கேனுக்குப் போகிறவர்கள் தலை லேசாகச் சுற்றும்போதே சொல்லிவிடுங்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது வீண்.

அவர் அளந்தது நான்கு: தலையின் குறுக்களவு, தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம். இவற்றைச் சூத்திரத்தில் போட்டுக் கணினி ஓர் எடை சொல்கிறது. வயிற்றுச் சுற்றளவை மட்டும் மூன்று தடவை எடுத்தார். குழந்தைக்கு ஊட்டம் போதாதபோது உடல் மூளைக்கு முதலில் ரத்தத்தை அனுப்பிவிடும். கல்லீரலில் சேமிப்பு குறையும், அதனால் வயிறுதான் முதலில் இளைக்கும். இது பிறகு டாக்டர் சொன்னது. படுத்திருந்த எனக்கு ஏன் திரும்பத் திரும்ப அதே இடத்தை எடுக்கிறார் என்ற கவலைதான்.

பிறகு தொப்புள்கொடியைத் தேடினார். திரையில் சிவப்பும் நீலமுமாகப் பின்னிக் கிடந்தது. ஒரு பொத்தானைத் தட்டியதும் கீழே வரிசையாகக் கூம்புகள் வர ஆரம்பித்தன, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று. முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தவர், என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, படத்தை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். கூம்பின் உச்சி குழந்தையின் இதயம் சுருங்கும் நேரம். இரண்டு கூம்புக்கு நடுவிலுள்ள பள்ளம், அது விரியும் நேரம். அந்தப் பள்ளத்திலும் ரத்தம் நச்சுக்கொடியை (பிளசென்டா) நோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பள்ளம் அடிக்கோட்டைத் தொட்டால் நச்சுக்கொடி எதிர்த்துத் தள்ளுகிறது என்று பொருள். நான் வேறெதையும் பார்க்கவில்லை, அந்தப் பள்ளங்களையே பார்த்துக் கிடந்தேன். ஒன்றும் கோட்டைத் தொடவில்லை.

உத்தேச எடை 1,920 கிராம். பத்தாவது பெர்சன்டைலுக்குக் கீழே. அதாவது இதே வாரத்தில் இருக்கும் நூறு குழந்தைகளை எடைப்படி வரிசையில் நிறுத்தினால், எங்கள் குழந்தை கடைசிப் பத்துக்குள் வரும். பனிக்குட நீர் போதுமான அளவு. தொப்புள்கொடி ரத்தவோட்டம் சரி.

டாக்டர் முதலில் என் ஆரம்ப மாத ஸ்கேனைத் தேடி எடுத்தார். நாள் கணக்கு தவறியிருந்தால் சரியான எடையும் குறைவாகத் தெரியுமே. கணக்கு சரியாகவே இருந்தது. பிறகு என் உயரத்தைக் கேட்டார், 151 சென்டிமீட்டர். நான் பிறந்தபோது என்ன எடை என்று கேட்டார். அங்கேயே அம்மாவை அழைத்தேன். "ரெண்டே கால் கிலோ. ராசா மிராசுதார் ஆஸ்பத்திரில நர்ஸம்மா ‘எலிக்குஞ்சு’ன்னாங்க, எனக்கு அழுகையா வந்துருச்சு" என்றார். இதை இத்தனை வருடமும் என்னிடம் சொன்னதில்லை.

அப்போதுதான் டாக்டரிடம், "சின்னதா இருக்கா, வளரலையா?" என்று கேட்டேன். அதுவரை யாரும் இரண்டையும் பிரித்துச் சொல்லவில்லை. அவரும் கேட்ட பிறகுதான் சொன்னார். சிறிய பெற்றோருக்குச் சிறிய குழந்தை பிறப்பது ஒன்று. நச்சுக்கொடி சரியாக ஊட்டாததால் வளர்ச்சி நின்றுபோவது வேறொன்று. ஒரே ஒரு ஸ்கேனை வைத்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். முதல் வகையென்றால் அடுத்த ஸ்கேனிலும் குழந்தை வளர்ச்சி வரைபடத்தில் தன் கோட்டிலேயே ஏறியிருக்கும், இரண்டாவதென்றால் கோட்டை விட்டு இறங்கும்.

அடுத்தது ஏன் இரண்டு வாரம் கழித்து, நாளைக்கே எடுக்கக் கூடாதா? கேட்டேன். இந்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை பிசகு வரலாம். ஒரு வாரத்து வளர்ச்சி அந்தப் பிசகுக்குள்ளேயே காணாமல் போய்விடும். நியாயமான பதில்தான். ஆனால் இந்த முழு விவகாரத்திலும் கஷ்டமாக இருந்தது அந்த இரண்டு வாரம்தான். நடுவில் வாரம் ஒரு முறை வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைத் தாளில் ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

வீட்டில் என்னை ஊட்டியே தீர்ப்பது என்று முடிவாகிவிட்டது. அத்தை விடிவதற்குள் தேக்கா சந்தைக்குப் போய் முருங்கைக்கீரையும் சுறாவும் வாங்கி வருவார். அம்மா அங்கிருந்து பேரீச்சம்பழக் கணக்குக் கேட்பார். அதிகம் சாப்பிட்டால் சரியாகுமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். நச்சுக்கொடியில் கோளாறு இருந்தால் தட்டில் கூடப் போடுவதால் அது சரியாகாது, படுத்தே கிடப்பதாலும் ஆகாது என்றிருந்தார். இதை வீட்டில் சொல்லவில்லை. அவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டியிருந்ததே. எனக்குத்தான் ஒன்றரைக் கிலோ ஏறியது.

36ஆவது வாரம், 2,280 கிராம். டாக்டர் வரைபடத்தில் இரண்டாவது புள்ளியை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்துக் காட்டினார். பத்தாவது கோட்டுக்குக் கீழே, ஆனால் அதற்கு இணையாகவே ஏறிப்போயிருந்தது. பள்ளங்களும் முன்போலவே. கணவர் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். இன்னும் அழிக்கவில்லை.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஸ்கேனும் தனிக் கட்டணம், அப்போதைக்குக் கையிலிருந்துதான் கட்டினோம். பிரசவத்துக்கு முந்தைய செலவுகளுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை எடுக்க முடிந்தது, ஆனால் அப்போது பிரசவத்துக்குப் பிறகு, பிறந்த மருத்துவமனை வழியாகத்தான். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு, பிரசவத்துக்கு எடுத்துப்போகும் பையிலேயே வைத்துவிட்டோம்.

39 வாரத்துக்கு மேல் விட வேண்டாம், வலி வரவழைத்துவிடலாம் என்று நாள் குறித்திருந்தார்கள். 38 வாரம் மூன்றாம் நாள் தானாகவே வலி வந்தது. பெண் குழந்தை, 2.58 கிலோ. எடை குறைவு என்பதால் முதல் நாள் பால் கொடுப்பதற்கு முன்பெல்லாம் குதிகாலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. முதல் குத்துக்கு அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். எல்லா அளவும் சரியாக இருந்தன. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முஸ்தபா கடையில் வாங்கி வைத்திருந்த சட்டை எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை. உள்ளதிலேயே சிறியதை எடுத்துப் போட்டுவிட்டு, அத்தை இரண்டு கையையும் மூன்று மடிப்பாக மடித்துவிட்டார்.