கரண்டா, சர்க்கரையா?

ஏப்ரல் 3
யாங்கூனில் இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் தூக்கம் வருகிறது! ஆனால் சர்க்கரை நோய்க்காரி நான் நேற்று எழுந்ததெல்லாம் பாத்ரூமுக்கு. கல்யாண வீட்டில் டம்பௌ சோறு (பர்மிய பிரியாணி), மேலே பால் டீ. ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் இறங்கிவிடும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தாகம், சொம்புத் தண்ணீர், மறுபடி பாத்ரூம். இவர் அதை வயசு என்கிறார்.

ஏப்ரல் 6
பாதத்தில் எரிச்சல். போர்வை பட்டாலே சுரீர் என்கிறது. "எழுந்து நடந்தால் அடங்குகிறதா?" என்று டாக்டர் கேட்டார். அடங்கினால் கால் குடைச்சலாக இருக்கலாமாம், அதற்கு இரும்புச்சத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அடங்கவில்லை; நரம்பு என்கிறார். சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினைப் பல வருஷம் சாப்பிட்டால் நரம்புக்கு வேண்டிய பி12 வைட்டமின் குறையலாம் என்று அதற்கும் ரத்தம் எடுத்தார்கள்.

ஏப்ரல் 11
ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் இவருக்கும் வேர்வை, எனக்கும் வேர்வை. ஆனால் என் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, அதற்கு முன்னால் ஏதோ கெட்ட கனவு. போன் வெளிச்சத்தில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 61, ரொம்பத் தாழ்வு. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி மடக்கென்று குடித்தேன். கால் மணி கழித்து 94. அப்புறம் இரண்டு பிஸ்கட். வெக்கையில் ராத்திரி மோர்ச்சோறு நாலு வாய்தான் இறங்கியது, சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை மட்டும் முழுசாக உள்ளே போனது. இந்த ஊரில் வேர்த்தால் கரண்டைத் திட்டத்தான் தோன்றும். மீட்டர் தலையணை பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 12
டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார்.

ஏப்ரல் 18
திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு) லீவுக்கு வந்த மருமகள் என் அறையில் படுத்தாள். காலையில், "அத்தை, குறட்டை விடுறீங்க, நடுவுல மூச்சே நின்னுபோகுது, அப்புறம் திணறி இழுக்குறீங்க" என்றாள். இத்தனை வருஷமாக இவர் சொன்னது குறட்டை மட்டும்தான்! பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவதும் காலைத் தலைவலியும் இதனால் இருக்கலாம். மூச்சு நிற்கும்போதெல்லாம் உடம்பு பதறிச் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையையும் ஏற்றிவிடுமாம்.

ஏப்ரல் 24
தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பது உறுதியானால் ராத்திரி முகமூடி மாட்டிக் காற்று செலுத்தும் சிபாப் மெஷின். அதற்கும் கரண்ட் வேண்டுமே! பேட்டரி விலை விசாரித்து வந்த இவர், "மூச்சு விடவும் இன்வெர்ட்டரா?" என்றார். பரிசோதனை முடியட்டும், பேரம் பேசலாம் என்றேன்.