இருவரும் நேரில் வர வேண்டும்

எங்கள் திருமணப் பதிவு ஒருவழியாக முடிந்துவிட்டது. நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியன்; என் மனைவி தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவக் கல்லூரியில், மகப்பேறு மருத்துவத்தில் பீஜி, அதாவது முதுநிலைப் படிப்பு, படிக்கிறார். கேரளத்தின் 2008ஆம் ஆண்டுப் பொதுத் திருமணப் பதிவு விதிகளின்படி, திருமணம் நடந்த ஊரின் உள்ளாட்சி அலுவலகத்தில் 45 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு காலைப்பொழுது வேலை. பயிற்சி மருத்துவரை மணந்தவர்களுக்கு அந்தக் கெடு முழுவதுமே போதாமல் போகக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

படிவம், புகைப்படங்கள், கோயில் சான்று, சாட்சிகள் ஆகியவற்றில் தொல்லை இல்லை. தொல்லை மனைவியின் வயதுச் சான்றில் தொடங்கியது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசலைக் காட்டினால்தான் விண்ணப்பத்தை வாங்க முடியும் என்றார் எழுத்தர். பீஜியில் சேரும்போதே கல்லூரி அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டுவிட்டது. படிப்பு முடியும் வரை அவை கைக்கு வாரா. சான்றொப்பமிட்ட நகலை நீட்டினேன். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அசல்கள் தங்களிடம் இருப்பதாகக் கல்லூரி ஒரு கடிதம் தந்தால் போதும் என்று பின்னர் இறங்கி வந்தார். அந்தக் கடிதத்துக்காக இரவுப் பேருந்தில் போனேன். கல்லூரி அலுவலகம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் என் மனைவி ஓ.பி.யிலோ, லேபர் வார்டிலோ, ஆபரேஷன் தியேட்டரிலோ இருப்பார். மாணவியே வந்து கையெழுத்திட வேண்டும், கணவரிடம் விண்ணப்பம் வாங்க மாட்டோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். சிசேரியன் ஒன்றை முடித்துவிட்டு அவர் தியேட்டர் உடையோடு ஓடி வந்தபோது, அந்த மேசைக்குரியவர் உணவு இடைவேளைக்குப் போய்விட்டிருந்தார். அவர் திரும்பியபோது என் மனைவியை மீண்டும் வார்டுக்கு அழைத்துவிட்டார்கள். வெறுங்கையோடுதான் ஊர் திரும்பினேன். கடிதம் பின்னர் அவருடைய சக பீஜி ஒருவரின் உதவியால் கல்லூரி முதல்வரின் முத்திரையோடு அஞ்சலில் வந்து சேர்ந்தது. பீஜியில் சேரவிருப்பவர்களுக்கும் அவர்களை மணக்கவிருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அசல்களை ஒப்படைக்கும் அன்றே இந்தக் கடிதத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள், வங்கிக் கடன் முதல் பாஸ்போர்ட் வரை எல்லாவற்றுக்கும் அது உதவும்.

அதைவிடக் கடினம், இருவரும் நேரில் போய்க் கையெழுத்திட நாள் குறிப்பது. அட்மிஷன் டே அன்று காலை முதல் மறுநாள் காலை வரை வருகிற பிரசவங்கள் அனைத்தும் அவருடைய யூனிட்டுக்குத்தான். மறுநாள் ரவுண்ட்ஸ், கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் என்று மாலையாகிவிடும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் பீஜிகளுக்கு வாரம் ஒரு விடுமுறையும் ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் தருகின்றன. ஆனால் இரண்டுக்கும் முன்னால் ‘பணித் தேவைக்கு உட்பட்டு’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. பிரசவ வார்டில் அந்தத் தேவை இல்லாத நாள் எது? முதலில் குறித்த நாளில் டியூட்டியை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்ட தோழிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சாட்சிகள் இருவரும் வேலையை விட்டுவிட்டு வந்து காத்திருந்தார்கள். “டாக்டருக்கு ஒரு நாள் லீவு கிடைக்காதா?” என்று எழுத்தர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நிலைமையை விளக்கி, கெடு முடிவதற்குள் வேறு நாள் கேட்டு, தமிழில் மனு எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் மலையாளத்தில் எழுதி வரச் சொன்னார். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள உரிமை தருகிறது என்று சொல்லி, மனுவை உள்ளாட்சிச் செயலாளரிடம் நேராகக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஒப்புதல் முத்திரையிட்டு நாளும் குறித்துத் தந்தபோது பட்ட மகிழ்ச்சியை நான் மறைக்கப்போவதில்லை.

குறித்த நாளில் என் மனைவி முந்தைய நாள் முழுதும் டியூட்டி பார்த்துவிட்டு இரவுப் பேருந்தில் பொள்ளாச்சி வந்து இறங்கினார். அங்கிருந்து கோபாலபுரம் வழியாக நானே காரில் அழைத்து வந்தேன். இத்தகைய டியூட்டிக்குப் பின் மருத்துவர்களை வண்டி ஓட்ட விடவே கூடாது. கையெழுத்திடும் வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

இப்போது கேரள உள்ளாட்சிகளின் இணையச் சேவைத் தளமான கே-ஸ்மார்ட் வழியாக வீடியோவில் அடையாளம் காட்டியே திருமணத்தைப் பதிய முடிகிறது. இன்னும் பதியாதவர்கள் அதைத்தான் முதலில் முயல வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் சில நகல்களில் சான்றொப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை மனைவியின் கல்லூரி அலுவலகமும் கேட்டதால், நேரில் போகாமல் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.